மெழுகுத் தவளைக்குப் பதிலாக

ஏப்ரல் 12, செவ்வாய்

பெரிய வாரம் வந்துவிட்டால் எனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட நேரமிருக்காது. காலையிலிருந்து ஈஸ்டருக்கான பாஸ்கா மெழுகுதிரி வார்த்தேன். நடுவில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, தோள்பட்டை வேண்டும் என்றாள். எந்தத் தோள் என்று கேட்டேன். "வலி இன்னும் முடிவு பண்ணலம்மா, ரெண்டையும் கொடு" என்றாள். கொடுத்தேன்.

எங்கள் கடையில் இல்லாத உறுப்பு இல்லை என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். கை, கால், முழங்கால், தலை, கண், மார்பு, நேர்ச்சைக்கு எல்லாம் மெழுகில் உண்டு. கருப்பைக்கும் அச்சு இருக்கிறது. அது ஒரு தவளை. கொள்ளுத்தாத்தா கருப்பையைப் பார்த்ததில்லை, தவளையைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான் விஷயம். நூறு வருடமாக எங்கள் ஊர் விலாரில் பிள்ளை வேண்டுகிறவர்கள் ஆரோக்கிய மாதா திருவிழாவில் தவளையை ஏந்தி நடக்கிறார்கள். ஏன் தவளை என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

நான் ஒன்பது தவளை ஏந்தியிருக்கிறேன். ஆகஸ்ட் பதினைந்து, வெறுங்கால், உள்ளங்கையில் தவளை, மலை உச்சி வரை. கோயில் வாசலில் காப்பிக் கடை காஸிமிரு ஒலிபெருக்கியோடு நிற்பான். "பேரு? உறுப்பு?" என்று கேட்பான். நாம் சொன்னதை மலைக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்வான். கூட்டம் "மாதாவே, குணமாக்கு!" என்று கத்தும். "சுல்மீரா ஃபொன்செக்கா, கருப்பை!" என்று ஒன்பது வருடம் எதிரொலித்திருக்கிறது. திருவிழா முடிந்ததும் மெழுகு உருக்குவதற்கு எனக்கே திரும்பி வந்துவிடும். அடுத்த வருடத் தவளையும் அதே தவளைதான்.

போர்ட்டோவில் போன மாதம் எனக்கும் என் புருஷன் அடேரித்துவுக்கும் எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். முடிவு மே மாதம்.

ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு

சிலுவை வீடு வீடாக வரும் நாள். வாசலில் பூ தூவி, மேசை போட்டு, பான்-டெ-லோ கேக், சர்க்கரை தோய்த்த பாதாம், போர்ட் ஒயின் என்று அடுக்கி வைத்திருந்தோம். பங்குச் சாமியார் பாத்ரே தெல்ஃபிம் முன்னால் வந்தார். பின்னால் மணியடித்துக்கொண்டு காஸிமிரு. இந்த ஊரில் சத்தம் வரும் எல்லா வேலையும் அவனுக்குத்தான்.

சிலுவையை முத்தமிட்டோம். நான் பான்-டெ-லோவில் ஒரு துண்டை வாயில் போட்ட நேரம் பார்த்துக் காஸிமிரு கேட்டான்: "புதுசா ஏதாவது உண்டா, சுல்மீரா?"

அத்தனை கண்களும் என் ஏப்ரனுக்குப் போயின. துண்டு தொண்டையில் நின்றுவிட்டது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாமியார் எர்மெலிண்டா எழுந்தாள். சாமியார் கையிலிருந்த சிலுவையை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மாதாவே, ஒன்பது வருஷமா உனக்குத் தவளை கொடுத்திருக்கோம். நீ என்ன அங்க குளமா வெட்டி வச்சிருக்க? இந்தத் தடவை டாக்டரம்மா எந்த இடத்துல கோளாறுன்னு சொல்றாளோ, அந்த உறுப்பையே அச்சு அசலா செஞ்சு, அதுக்குச் சொந்தக்காரங்களே ஏந்திட்டு வருவாங்க. நான் பின்னாலயே முழங்கால்ல வருவேன். இந்தச் சிலுவை சாட்சி, சாமியார் சாட்சி!"

சொல்லும்போதே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் வாயில் பாதாம் இருந்தது. யோசிக்காமல் "ஆமென்" என்றுவிட்டார்.

ஏப்ரல் 18

அத்தை கேட்கிறாள்: "குழாய்ல அடைப்புன்னா குழாயை மட்டும் செய்வியா, முழுசும் செய்வியா?" இப்போதே அளவெடுக்கிறாள் எனக்கு.

மே 5, வியாழன்

போர்ட்டோவில் டாக்டர் ஃபிலிப்பா படங்களைத் திரையில் போட்டாள். முதலில் என்னுடையது. என் கருப்பை தலைகீழாகத் தொங்கும் ஒரு பேரிக்காய் அளவுதான் இருக்கிறது, கழுத்து கீழே, அகலம் மேலே. இரண்டு தோளிலிருந்தும் இரண்டு குழாய் கிளம்புகிறது. குழாயின் முனையில் விரல் விரலாகக் குஞ்சம். சூலகத்திலிருந்து மாதம் ஒரு முட்டை வெளியே வரும்போது அந்தக் குஞ்சம்தான் அதை வாரி உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். சாயம் செலுத்திப் பார்த்ததில் இரண்டு குழாயும் தாராளமாகத் திறந்திருக்கின்றன. தவளைக்கான அடையாளம் எங்கேயும் இல்லை.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்றாள்.

அடேரித்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். பாவம், மிச்சம் யார் என்ற கணக்கு அவனுக்கு ஓடவே இல்லை.

"இப்ப உங்களோடது" என்று டாக்டர் படத்தை மாற்றினாள். இடது விரைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புடைத்து, கொடி மாதிரி சுருண்டு கிடக்கின்றன. இடதுபக்க ரத்தம் நேராக மேலே போகாமல் சிறுநீரகத்து ரத்தக்குழாயில் போய் முட்டிச் சேர வேண்டும். ஏறத் திணறி அங்கேயே தேங்கிவிடுகிறது, தேங்கினால் சூடு. விரைக்குச் சூடு ஆகாது. அதற்காகத்தான் அது உடம்புக்குள் இல்லாமல் வெளியே தொங்குகிறது. சூடு ஏறினால் விந்தணு குறையும். இவனுக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது. சின்ன அறுவை போதுமாம். ஆனால் ஒரு விந்தணு உருவாகவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் பலன் தெரிய பொறுத்திருக்க வேண்டும்.

அடேரித்து ரொம்ப நேரம் திரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "டாக்டர், நான் ஊர் பேண்டு வாத்தியத்துல பெரிய மேளம் அடிக்கிறவன். இருபது வருஷமா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க."

"பதினெட்டு கிலோ மேளம்."

"சம்பந்தமில்லைங்க."

திரும்பும் வழியில் நான் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். பிறகு அழுதேன். ஒன்பது வருடம்!

மே 6

முட்டைக்கோஸ் சூப் சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னோம். அவள் கரண்டியை வைக்கவே இல்லை.

"எங்க குடும்பத்துல அப்படி ஒரு உறுப்பு கிடையாது."

"அது எல்லாக் குடும்பத்துலயும் உண்டு அத்தை."

"உங்க குடும்பத்தைச் சொல்லு. என் புருஷனுக்கு இருந்ததே இல்ல."

அடேரித்து கரண்டியை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தான். பிறகு சுவரில் தொங்கும் அப்பாவின் படத்தைப் பார்த்தான். யாரும் அதற்குமேல் சூப் குடிக்கவில்லை.

மே 11, புதன்

அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு சாமியாரிடம் போனாள். ஈஸ்டரன்று செய்த பொருத்தனையை மாற்ற முடியுமா என்று கேட்கத்தான். மனிதர் திருப்பலிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், தலையே நிமிரவில்லை.

"சிலுவையைப் பிடிச்சு சொன்ன வார்த்தை எர்மெலிண்டா. மாத்த முடியாது. ஆனா... அந்த... அதை எப்படிக் கோயிலுக்குள்ள..."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வருஷா வருஷம் திருவிழாவுல பீடத்துக்குப் பக்கத்துல நாப்பது ஜோடி மார்பு தொங்குதே சாமி. அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"அது தாய்மை."

"அப்ப இது தகப்பன்மை."

பாத்திரம் அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. ஆயருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார்.

மே 30

ஆயர் வீட்டிலிருந்து ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது: "அளவு அடக்கமாக இருக்கட்டும்."

ஜூன் 5, ஞாயிறு

அமரான்டில், கல்யாணம் கூட்டிவைக்கும் புனித கொன்சாலுவின் திருவிழா. வருடா வருடம் போல் அத்தையோடு போனேன். அங்கே தெரு முழுக்க ஆண்குறி உருவத்தில் கேக் விற்பார்கள், வெள்ளைச் சர்க்கரை பூசி. முழங்கை நீளத்திலிருந்து சுண்டுவிரல் வரை எல்லா அளவும் கிடைக்கும். குமரிகள் வாங்குவார்கள், கன்னியாஸ்திரிகள் பார்க்காததுபோல் வாங்குவார்கள். அத்தை இருப்பதிலேயே பெரியதை வாங்கி நடுத்தெருவில் நின்று கடித்தாள். பக்கத்திலிருந்த பெண்களிடம் "இது இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்டி" என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இதுக்கு வெட்கமில்லையா அத்தை?"

"இது பலகாரம்."

"நான் செய்யப்போறது?"

"அது உறுப்பு." வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

நான் ஒன்று கவனித்தேன். பேக்கரிக்காரனும் தப்புத்தான் செய்திருக்கிறான். கேக்கின் அடியில் விரைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இடது கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும்.

ஜூன் 14

டாக்டர் ஃபிலிப்பா பள்ளிக்கூடத்து உடற்கூறுப் படத்தொகுப்பு ஒன்று கொடுத்து அனுப்பினாள். பட்டறையில் விரித்து வைத்துக் களிமண்ணில் முயன்றேன். விரை சுலபம், முட்டை வடிவம்தான். சிக்கல் அதன் முதுகில். அங்கே காற்புள்ளி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தில் சின்னதாகத்தான் தெரிகிறது. கீழே எழுதியிருப்பதைப் படித்தால், அதற்குள் ஆறு மீட்டர் நீளக் குழாய் சுருண்டு கிடக்கிறதாம்! புது விந்தணு அதற்குள் நடந்து நடந்துதான் நீந்தவே கற்றுக்கொள்கிறதாம்.

நான் விடுவேனா? திரி நூலை ஆறு மீட்டர் அளந்து, மெழுகில் முக்கி, சுருட்டினேன். பூசணிக்காய் அளவுக்கு வந்தது. எத்தனை தடவை சுருட்டினாலும் காற்புள்ளிக்குள் அடங்கவில்லை. முப்பது வருடமாக மெழுகு பிடிக்கிற கை இது. படைத்தவனுக்கு முன்னால் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். ஆண்களை இத்தனை நாள் நான் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன், உள்ளே இவ்வளவு வேலைப்பாடு இருக்கிறது.

அத்தை உள்ளே வந்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், படத்தொகுப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். தாயின் வயிற்றில் ஏழாவது வாரம் வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மொட்டுதான். அதற்குப் பிறகு ஒருவருக்கு அது சூலகமாகி உள்ளேயே தங்கிவிடுகிறது, இன்னொருவருக்கு விரையாகி மெல்லக் கீழே இறங்கி வெளியே வருகிறது.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா? ரெண்டும் ஒண்ணுதான்! படிச்சவங்களே எழுதியிருக்காங்க. ஆரம்பத்துல ஒண்ணு, அப்பறம் இவனோடது கொஞ்சம் ஊர் சுத்தக் கிளம்பிடுச்சு, அவ்வளவுதான். அப்ப நீ ஏந்தினா என்ன, அவன் ஏந்தினா என்ன?"

"ஏழு வாரத்துல பிரிஞ்சதை இப்ப ஒட்ட வைக்கிறீங்களா அத்தை?"

"மாதாவுக்கு ஏழு வாரமெல்லாம் ஒரு கணக்கா?"

ஜூன் 20, திங்கள்

அடேரித்து திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தான், மருந்தடித்த கையைக் கழுவினான், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்: "இந்த ஒரு வருஷம் மட்டும் நீயே தவளையைத் தூக்கிடேன் சுல்மீரா. உனக்குப் பழக்கம்தானே."

பழக்கமாம்!

பழக்கம்! நான் என்ன பொறக்கும்போதே கையில தவளையோடவா வந்தேன்? ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாறையில கால் வெந்து, கருப்பை கருப்பைன்னு காஸிமிரு கத்துறப்ப தலைகுனிஞ்சு நின்னது பழக்கமா? கடையில பால் வாங்கப் போனாகூட வயித்தைப் பாக்குறாங்களே, அதுவும் பழக்கமா? குறை என்னுதுன்னு நானே நம்பிட்டேன்டா. ஒன்பது வருஷம் என் உடம்பை நானே திட்டினேன். இவன் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, ஒருவேளை நானா இருக்குமோன்னு கேட்டானா?

நானும் கேட்கவில்லை. அதுவும் உண்மை. கேட்கலாம் என்றே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கடையில் ஆணின் அந்த உறுப்புக்கு அச்சே இல்லையே.

ஜூன் 21

பேசவில்லை. சூப்பில் உப்பும் போடவில்லை.

ஜூலை 2

என் பழைய தவளையை உருக்கவில்லை, அப்படியே மேசையில் வைத்தேன். பக்கத்தில் களிமண் மாதிரியை வைத்தேன். அவனைக் கூப்பிட்டேன்.

"எது வேணும்னு நீயே எடு. தவளையை எடுத்தாலும் சரி. ஆனா நீதான் ஏந்தணும், உன் பேரைத்தான் சொல்லணும். நான் இந்த வருஷம் எதையும் ஏந்தமாட்டேன். ஊரும் மாதாவும் உங்கம்மாவும் சேர்ந்து வந்து கேட்டாலும் ஏந்தமாட்டேன்."

அவன் தவளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூலை 9, சனி

மத்தியானம் ஊரே படுத்திருக்கும் நேரம். பட்டறையில் ரத்தக்குழாய்களைத் திரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"அது அவ்வளவு பெரிசா இல்ல" என்றான் அடேரித்து.

"எனக்கு எப்படித் தெரியும்? படத்துல ஆரோக்கியமானவனுக்குத்தான் போட்டிருக்கு."

அவன் போய்க் கதவைத் தாழிட்டான். "அம்மா அச்சு அசல்னுதானே சொன்னா" என்று சொல்லி, சோப்புப் பெட்டி மேல் ஏறி நின்றான். எல்லாவற்றையும் கழற்றினான், தொப்பியைத் தவிர. ஒரு நாற்பது நிமிடம் மாடத்துச் சொரூபம் மாதிரி அசையாமல் நின்றான். நான் பார்த்துப் பார்த்துத் திரித்தேன். பதினோரு வருடக் கல்யாணத்தில் அதை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. நடுவில் அத்தை கதவைத் தட்டினாள்.

"பட்டப்பகல்ல உள்ள என்ன பண்றீங்க?"

"பொருத்தனை, அத்தை!"

வெளியே செருப்புச் சத்தம் வேகமாகத் தூரப் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மூன்று வாரத்துக்குப் பிறகு.

பெட்டியில் நின்றபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒவ்வொரு வருஷமும் நீ வாசல்ல நிக்கிறப்ப நான் மேளத்தை இன்னும் பலமா அடிப்பேன். காஸிமிரு சொல்றது என் காதுல விழக்கூடாதுன்னு."

நான் இத்தனை வருடமும் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"தெரியும்" என்றான்.

இடதை அரை விரல் தாழ்த்தி வைத்து முடித்தேன். வார்ப்பதற்கு வேறு மெழுகு எடுக்கவில்லை. ஒன்பது வருடத் தவளையைத்தான் உருக்கி ஊற்றினேன்.

ஆகஸ்ட் 13

மெழுகு அழகாக வந்திருக்கிறது. அளவும் அடக்கம், ஆயரே குறை சொல்ல முடியாது. அலமாரியில் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை! தபால்காரர் வெங்காயம் என்றார். கொல்லர் மனைவி தன் தைராய்டு கட்டி என்று சொல்லி அழுதேவிட்டாள். காஸிமிரு வெகு நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "முளைவிட்ட உருளைக்கிழங்கா? யாரோட தோட்டத்துல நோய்?" என்று கேட்டான். ஐம்பது வருடமாகத் தன்னோடு எடுத்துக்கொண்டு திரிகிறவன்.

அத்தைக்கு உயிர் திரும்பியது. "யாருக்கும் தெரியலடா அடேரித்து! வாசல்ல சிறுநீரகம்னு சொல்லிடு. பொருத்தனையும் நிறைவேறும், மானமும் போகாது. மாதாவுக்குத்தான் உள்ளது தெரியுமே."

அவன் என்னைப் பார்த்தான். நான் அலமாரியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். இதை நான் சொல்லி அவன் செய்யக்கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடி முன் நின்று, "சிறுநீரகம்... சிறுநீரகம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 15, திங்கள். மாதா திருவிழா

முதன்முறையாக வெறுங்கையோடு நடந்தேன். கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கடைசியில் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

பெரிய மேளத்தை இந்த வருடம் எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரன் அடித்தான், தாளம் தப்பித் தப்பி. அடேரித்து வெறுங்காலோடு, தலையில் தொப்பியில்லாமல், உள்ளங்கையில் அதை ஏந்தி நடந்தான். வெயிலில் மெழுகு லேசாக வியர்த்தது. வழியெல்லாம் ஜனங்கள் "வெங்காயத்துக்கு வேண்டிக்கிறான் போல" என்று பேசிக்கொண்டார்கள். கோயில் மைதானம் வந்ததும் அத்தை முழங்கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டாள். வாக்கு வாக்குதான், அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. மகன் பின்னால் அடி அடியாக நகர்ந்து வந்தாள்.

வாசல். காஸிமிரு.

"பேரு?"

"அடேரித்து ஃபொன்செக்கா."

"உறுப்பு?"

கீழேயிருந்து அத்தை, "சிறுநீரகம்! சொல்லுடா!" என்று மகன் கால்சட்டையை இழுத்தாள். அவன் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் பையிலிருந்து கையை எடுத்தேன். ஏனென்று தெரியாது, எடுத்தேன்.

"விரை" என்றான். "இடது."

காஸிமிருவுக்கு இருபது வருடப் பழக்கம். அவன் வாய் அவன் புத்தியைவிட வேகமானது. "அடேரித்து ஃபொன்செக்கா, இடது விரை!" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்தினான். கூட்டத்துக்கும் அதே பழக்கம். ஆயிரம் பேர் ஒரே குரலில், "மாதாவே, குணமாக்கு!"

அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் தாங்கள் எதற்காக வேண்டினோம் என்று காதில் விழுந்தது. பேண்டு நின்றுவிட்டது. எங்கோ ஒரு குழந்தை மட்டும் ஐஸ் கேட்டு அழுதது. பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்திலிருந்தவர் கழற்றினார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆண்கள் எல்லாரும் தரையையே பார்த்தார்கள்.

பாத்ரே தெல்ஃபிம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எங்கே தொங்கவிடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மார்புகளுக்குக் கீழே, முழங்கால்களுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினார். உடற்கூறுப்படி அது சரியான இடம்தான்.

நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். பக்கத்தில் நின்ற கொல்லர் மனைவி முதுகைத் தடவி, "தைராய்டுக்கும் இப்படித்தான் அழுகை வரும்" என்றாள்.

ஆகஸ்ட் 16

கடைக்குள் ஒருவருமில்லை. கடை சன்னலுக்கு வெளியே நிறையப் பேர்.

அக்டோபர் 7, வெள்ளி

அடேரித்துவுக்கு அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மேளம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் அவனுக்கு ஒரே துக்கம்.

பின்கட்டுக் கதவு வழியாக ஆண்கள் வருகிறார்கள். முதலில் ஒருவர் வந்து திரி வாங்கினார், தீப்பெட்டி வாங்கினார், மறுபடி திரி வாங்கினார், பிறகு காதோடு, "அடேரித்து ஏந்தினானே, அது மாதிரி ஒண்ணு..." என்றார். இப்போது வாரத்துக்கு நாலைந்து பேர். எனக்குக் கூச்சமில்லை, அவர்களுக்குத்தான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் அத்தை முன்வந்துவிட்டாள். கண்ணாடியை மாட்டி, படத்தொகுப்பை விரித்து, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிற தோரணையில் உட்காருகிறாள்.

"இடதா, வலதா? டாக்டர்கிட்டப் போனியா? போகலையா? மாதா என்ன டாக்டருக்குப் படிச்சிருக்காளா? முதல்ல போய்க் காட்டிட்டு வா, அப்பறம் மெழுகு."

இன்று காஸிமிருவே வந்தான். ஒலிபெருக்கி இல்லாத அவன் குரலை இன்றுதான் முதலில் கேட்கிறேன், அவ்வளவு மெல்லிசு. புராஸ்டேட்டாம். அத்தை பக்கத்தைப் புரட்டி விரல் வைத்தாள்.

"இது மூத்திரப்பைக்குக் கீழே வால்நட் அளவுக்குத்தான் இருக்கணும். உனக்கு?"

"எலுமிச்சை ஆயிடுச்சாம், எர்மெலிண்டா."

"அச்சு அசலா எலுமிச்சையாவே செஞ்சு தரச் சொல்றேன், போ."

பிப்ரவரி 2, வியாழன். திரிகளின் திருநாள்

சோதனை முடிவு: விந்தணு கூடியிருக்கிறது. போதாது. மறுபடி மூன்று மாதம் என்கிறாள் டாக்டர். அடேரித்து தாளைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட்டான். நான் கிழித்தேன். மறுபடி ஒட்டினான்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

பூ தூவினோம். மேசை போட்டோம். பான்-டெ-லோ இந்த வருடம் நடுவில் பாகு மாதிரி நன்றாகக் கசிந்து, பதமாக வந்திருந்தது. மணிச்சத்தம், பாத்ரே தெல்ஃபிம், சிலுவை, காஸிமிரு.

பழக்கம் யாரை விட்டது? நான் ஒரு துண்டை வாயில் போட்டதும் அவன் திரும்பி, "புதுசா ஏதாவது உண்டா, சு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டான். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அவகிட்ட எதுக்குக் கேக்குற?" என்றாள் அத்தை. "என் மகனைக் கேளு."

எல்லாக் கண்ணும் அடேரித்துவின் இடுப்புக்குப் போயின. அவன் சிலுவையை முத்தமிட்டுத் துடைத்துச் சாமியார் கையில் கொடுத்துவிட்டு, ஆற அமரச் சொல்லத் தொடங்கினான். போன வருடம் எத்தனை, பிப்ரவரியில் எத்தனை, அதில் நேராக நீந்துகிறது எத்தனை, வட்டம் போடுகிறது எத்தனை. சாமியார் கூரையைப் பார்த்தார். காஸிமிரு மணியைப் பிடித்துக்கொண்டு, "அடடே", "அப்படியா" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். அத்தை அவ்வப்போது எண்ணைத் திருத்தினாள்.

என்னை ஒருவரும் பார்க்கவில்லை. நான் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.